சமூக நீதிக்கு ஒரு வரி விளக்கம் கிடைக்குமா?

அரைவக்கீல்:
எங்கள் முன்னாள் மாணவர் குழு கொடுக்கும் உதவித்தொகைக்கு விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ‘சமூக நீதியின் அடிப்படையில்’ என்று முதல் வரி போட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ‘சமூக நீதி என்பது’ என்று அடுத்த வரியைத் தொடங்கியதும் சண்டை. ஒருவருக்கு மதிப்பெண்தான் நியாயம். இன்னொருவருக்கு வருமானம். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவருக்குத்தான் தரவேண்டும் என்கிறார் மூன்றாமவர். எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு விளக்கம் இருக்கிறதா?

நூலகப்பூனை:
இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1919 சாசனத்தை எடுத்துப் பாருங்கள். சமூக நீதி இல்லாமல் நிலைத்த அமைதி இல்லை என்றுதான் ஆரம்பம். அடுத்து விளக்கம் வரும் என்று பார்த்தால், வராது. வேலை நேரத்துக்கு வரம்பு, பிழைக்கப் போதுமான கூலி, வேலையால் வரும் நோய்க்கும் காயத்துக்கும் பாதுகாப்பு என்று, சரிசெய்ய வேண்டியவைதான் வரிசையாக வரும். உலகப்போர் முடிந்த கையோடு எழுதியவர்கள் ஆயிற்றே, விளக்கத்துக்காகக் காத்திருக்க நேரம் ஏது!

உங்கள் கூட்டத்துச் சண்டையை அமர்த்தியா சென் 2009-லேயே எழுதிவிட்டார். ஒரு புல்லாங்குழல், மூன்று குழந்தைகள். ஒரு குழந்தைக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும், இன்னொன்றுக்கு வேறு பொம்மையே கிடையாது, மூன்றாவதுதான் குழலைச் செய்தது. யார் கேட்பதையும் அபத்தம் என்று தள்ள முடியாது.

கறார்:
அந்த வார்த்தையையே அடித்துவிடுங்கள் சார். பொருளியலாளர் ஹாயெக் 1976-இல் சொன்னது இதுதான்: சந்தையில் யாருக்கு எவ்வளவு போகும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை, அப்புறம் அதை அநீதி என்று யார்மேல் பழி போடுவது? மழை பொய்த்ததற்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. மதிப்பெண்ணை வையுங்கள், வேலை முடிந்தது.

பழைய வாத்தியார்:
கறார், அது சந்தைக்கு. இங்கே ஒரு குழு உட்கார்ந்து இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்கிறது. பழி போட ஆள் இருக்கிறதே!

அரைவக்கீல் தம்பி, ரால்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1971-இல் ஒரு சோதனை சொன்னார். விதியை எழுதும்போது நீங்கள் யாராகப் பிறந்திருப்பீர்கள் என்பதே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதோடு விஷயம் முடிவதில்லை. யார் தீர்மானிக்கிறார்கள், யாரை மனதில் வைத்து என்பதும் நீதிதான் என்று ஐரிஸ் மேரியன் யங் என்ற அரசியல் தத்துவ அறிஞர் 1990-இல் வாதாடினார். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. காரணம், இத்தனை காலம் பார்த்த விண்ணப்பப் படிவங்கள். ‘தந்தை கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பாட்டி வளர்த்த பிள்ளை அங்கேயே பேனாவை வைத்துவிடும். மதிப்பெண்ணா வருமானமா என்ற விவாதத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரே வந்து சேராது. முதலில் உங்கள் படிவத்தைப் பாருங்கள்.

அரைவக்கீல்:
பார்த்தேன் ஐயா. அதே கட்டம் எங்கள் படிவத்திலும் இருக்கிறது, போதாததற்கு தந்தையின் வருமானச் சான்றும் கேட்கிறோம். இரண்டையும் எடுத்துவிட்டு, விண்ணப்பிப்பவரே கையெழுத்துப் போட்டால் போதும் என்று வைத்தால் பொய்க்கணக்கு வராதா?

பழைய வாத்தியார்:
கொஞ்சம் வரும். அந்தப் பிள்ளையை அறிந்த ஆசிரியர் ஒருவரின் கையெழுத்தையும் கேளுங்கள்.