ஐஇசி 62304 க்ளாஸ் சி சாஃப்ட்வேருக்கு ஸ்க்ரம் சரிப்பட்டு வருமா?

பம்ப்_கோடர்:
நோயாளிக்கு மருந்து ஏத்தற இன்ஃபியூஷன் பம்ப்புக்கு உள்ள ஓடற சாஃப்ட்வேர் (ஃபர்ம்வேர்) பண்றோம். மருத்துவக் கருவி சாஃப்ட்வேருக்கான ஐஇசி 62304 தரவிதிப்படி அது க்ளாஸ் சி, அதாவது தப்பு நடந்தா உயிருக்கோ பெரிய காயத்துக்கோ வாய்ப்பு இருக்கற வகை. ஸ்க்ரம் முறைல, ரெண்டு வாரத்துக்கு ஒரு துண்டா (ஸ்பிரிண்ட்) வேலையை முடிச்சுட்டே போகலாம்னு டீம் சொல்லுது. க்வாலிட்டி ஆளுங்க 62304 வாட்டர்ஃபால் தான் (ஒரு கட்டம் முழுசா முடிஞ்சப்புறம் தான் அடுத்தது) கேக்குது, ரெக்வயர்மெண்ட் முழுசா கையெழுத்தாகாம ஒரு வரி கோடு கூட எழுதக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. டாக்குமெண்ட்டை எல்லாம் ரிலீஸுக்கு முன்னாடி சேத்து எழுதிக்கலாமா? ஆடிட் தாண்டினவங்க சொல்லுங்க.

பழைய_ஆடிட்டர்:
எந்த லைஃப்சைக்கிள் மாடலையும் (வேலையை எந்த வரிசைல செய்யறதுங்கற முறை) நான் கட்டாயப்படுத்தலன்னு 62304 தானே சொல்லுது, க்வாலிட்டி ஆளுங்ககிட்ட அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்க. இதுக்குன்னே ஏஏஎம்ஐங்கற அமெரிக்க மருத்துவக் கருவி அமைப்பு 2012ல டிஐஆர்45னு ஒரு வழிகாட்டி போட்டுருக்கு, அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க.
ஆனா டாக்குமெண்ட்டை கடைசில எழுதற வேலை மட்டும் வேணாம். எந்த ரெக்வயர்மெண்ட்டுக்கு எந்த டெஸ்ட், எந்த ஆபத்தை எது தடுக்குதுன்னு ட்ரேஸ் பண்றது அந்த ஸ்டோரி (ஸ்பிரிண்ட்ல எடுத்துக்கற சின்ன வேலை) முடியறப்பவே முடியணும், இல்லன்னா அந்த ஸ்டோரி முடியலன்னு தான் கணக்கு. மாசக்கணக்குல கழிச்சு உக்காந்து எழுதினா யாரு என்ன நெனச்சு அந்த கோடை எழுதினாங்கன்னு யாருக்குமே ஞாபகம் இருக்காது, ஆடிட்டர் ரெண்டு கேள்வி கேட்டா தேதியே காட்டிக்கொடுத்துடும்.

விமான_ஃபர்ம்வேர்:
எங்க பக்கம் விமான சாஃப்ட்வேருக்கான டிஓ-178சி, அதுவும் இந்த மாடல்ல தான் போகணும்னு சொல்லல. ஆனா ஆபத்து மிக அதிகமான லெவல் ஏ-ல பல வேலைக்கு எழுதினவரே சரிபாக்கக்கூடாது, வேற ஆள் வேணும், எம்சி/டிசி கவரேஜும் (கோடுல ஒவ்வொரு நிபந்தனையும் தனியா முடிவை மாத்துதான்னு டெஸ்ட்ல காட்டறது) காட்டணும். அதனால ஸ்பிரிண்ட் ப்ளான் போடறப்பவே ரிவ்யூ பண்றவரோட நேரத்தையும் சேத்துடுங்க, இல்லன்னா கோடு ஓடிட்டே இருக்கும் வெரிஃபிகேஷன் பின்னாடி மலையா குவியும்.

பம்ப்_கோடர்:
நன்றிங்க. ரிஸ்க் அனாலிசிஸும் ஸ்பிரிண்ட்டுக்குள்ளயேவா?

பழைய_ஆடிட்டர்:
முதல் சுற்று முன்னாடியே வேணும். மருத்துவக் கருவியோட ரிஸ்க்கை கையாள்றதுக்கான ஐஎஸ்ஓ 14971 படி மருந்து அதிகமா போறது, குழாய் அடைபடறது, அலாரம் அடிக்காம போறது இதெல்லாம் பட்டியல் போட்டு, ஆர்க்கிடெக்சர்ல எதை எதுலேர்ந்து தனியா பிரிக்கணும்னு முடிவெடுத்துட்டுத் தான் ஸ்பிரிண்ட் ஆரம்பிக்கணும், அந்தப் பிரிவை நடுவுல மாத்தறது ரொம்பக் கஷ்டம். அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. இன்னொண்ணு, அடைப்பு அலாரம் மாதிரி ரிஸ்க் கன்ட்ரோலை ப்ராடக்ட் ஓனர் (எந்த வேலை முதல்லன்னு முடிவு பண்றவர்) தன்னிஷ்டத்துக்கு அடுத்த ரிலீஸுக்குத் தள்ள முடியாதபடி பேக்லாக்லயே (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) தனியா குறிச்சு வைங்க, நோயாளி உடம்புல போற மருந்து அது, இந்த ஒரு விஷயத்துல யாருக்கும் விட்டுக்கொடுக்காதீங்க.