பேக்கப்புல பாக்கி ஃபைல் மட்டும் காணோம்: ஜிப்பா, டாரா?

அம்பை அரிசிக்கடை:
அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. 2023 டிசம்பர் வெள்ளத்துல கடை கம்ப்யூட்டர் முங்கினதுல இருந்து தினம் ராத்திரி பேக்கப் எடுக்கேன். உபுண்டுல சின்ன ஸ்கிரிப்ட்தான். கார், பிசானம் (ரெண்டும் நெல் போகம்), பாக்கி (வர வேண்டிய கடன்) மூணு கணக்கு ஃபைலையும் தேதி போட்ட ஜிப்பா கட்டும், && போட்டு (முந்தின கட்டளை சரியா முடிஞ்சாத்தான் அடுத்தது ஓடும்) பென்டிரைவுக்குக் காப்பி. நேத்து திறந்து பாத்தா ஜிப்புல ரெண்டுதான் கிடக்கு! கணக்கு எழுதுற பையன் பாக்கியை 'பாக்கி_புதுசு'ன்னு பேர் மாத்தி மூணு வாரம் ஆச்சாம். ஜிப் வாயே திறக்கல. கோவத்துல டாருக்கு (இதுவும் ஃபைல்களை ஒண்ணாக் கட்டுற கட்டளைதான்) மாறினேன். இப்ப பென்டிரைவுக்கு எதுவுமே போவல.

பாளை லினக்ஸ்:
சொல்லிருக்குமே. லாக்ல "நேம் நாட் மேட்ச்டு"ன்னு இருக்கா பாருங்க.

அம்பை அரிசிக்கடை:
இருக்கு. 21 வரி. 😐

பாளை லினக்ஸ்:
ஜிப்புக்கு அது வெறும் எச்சரிக்கை. கிடைச்சதைக் கட்டிட்டு முடிவு எண்ணா 0 (எல்லாம் சரின்னு அர்த்தம்) குடுத்துரும், && அதை நம்பி காப்பி பண்ணிரும். டாரும் கிடைச்சதைக் கட்டத்தான் செய்யும், ஆனா ஃபைல் கிடைக்கலைன்னா "கேனாட் ஸ்டாட்"னு கத்திட்டு கடைசில 2 (தப்பு நடந்துட்டுன்னு அர்த்தம்) குடுக்கும். அதான் காப்பி ஓடல. டார் ஃபைல் அங்கனயே இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு டார் -டிஎஃப் போட்டுப் பாருங்க.

தென்காசிக்காரன்:
--இக்னோர்-ஃபெயில்டு-ரீட் போட்டா 2 வராதுல்லா?

டவுன் அண்ணாச்சி:
எலே, அதைப் போட்டா டாரும் ஜிப் மாதிரி 0 குடுத்துட்டுப் போயிரும். பாக்கி போனது தெரியவா போவுது?

ஜிப்தான் வேணும்னா கேபிடல்ல -எம்எம் போடுங்க. ஒரு பேர் கிடைக்கலைன்னாலும் 18 குடுத்து நின்னுரும், ஜிப்பே உருவாவாது. ஆனா பாக்கி இல்லைங்கறதுக்காக காரும் பிசானமும் இல்லாம போவணுமா? நானா இருந்தா டார்தான். &&ஐ எடுத்துட்டு, டார் முடிஞ்ச அடுத்த வரிலயே $?ஐ (முந்தின கட்டளை குடுத்த முடிவு எண்) வாங்கி வைங்க. காப்பி எப்படியும் நடக்கட்டும், 0 இல்லைன்னா மட்டும் சத்தம் போடச் சொல்லுங்க. 1 வந்தா படிக்கும்போதே ஃபைல் மாறிட்டுன்னு அர்த்தம், பில்லிங்கை மூடாம வீட்டுக்குப் போயிருப்பீங்க. சுருக்குறதுக்காக டாரை ஜிஜிப்புக்குப் பைப் போட்டு விடாதீங்க, ஜிஜிப்போட 0தான் கைக்கு வரும். சுருக்க டார்லயே -இசட் இருக்கு.

ஒரே பேர்ல தினம் ஜிப் கட்டாம விட்டீங்களே, நல்லதாப் போச்சு. உள்ள பழைய பாக்கி அப்படியே கிடந்து, எல்லாம் சரியா இருக்குன்னே நினைச்சிருப்பீங்க.

அம்பை அரிசிக்கடை:
டாரையே வச்சுட்டேன் அண்ணாச்சி. 0 இல்லைன்னா திரை முழுக்க சிவப்பு. இன்னைக்குக் காலைல கடை திறந்தா சிவப்பு. பிசானத்தை 'பிசானம்_ஒரிஜினல்' ஆக்கிருக்கான்.