குரூப் பாலிசி வழியாக இறங்கும் கள்ள ஷெட்யூல்ட் டாஸ்க்: எங்கே நின்று பிடிப்பது?

ஆலைக்கிராணி (சுங்கை சிப்புட்)

வணக்கம். செம்பனைத் தோட்டம், ஆலை, நான்கு டிவிஷன் அலுவலகங்கள். எல்லாம் சேர்த்து 140 கணினிகள், ஒரே டொமைன். டொமைன் கன்ட்ரோலர் (கணக்குகளையும் உத்தரவுகளையும் வைத்திருக்கும் சர்வர்) இரண்டு: ஆலையில் ஒன்று, ஈப்போவில் ஒன்று. செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கணக்கும் லாரி எடைமேடைக் கணினியும் இதே வலையில்தான்.

அட்மின் கணக்கு ஒன்று களவு போனால் போதும், குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து உத்தரவு போடும் வசதி) ஒரு டாஸ்க்கைச் (தானே ஓடும் வேலை) செருகி அத்தனை கணினியிலும் ரான்சம்வேரை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) ஓடவிடலாம் என்பது தெரிகிறது. இப்போதைக்கு ஒவ்வொரு கணினியிலும் 4698 நிகழ்வைப் (புது டாஸ்க் உருவானதன் பதிவு) பார்க்கிறோம். பிரௌசர் அப்டேட்டும் பிரிண்டர் மென்பொருளும் உருவாக்கும் டாஸ்க்குகளே குவிகின்றன. டிவிஷன் இணைப்புகள் மெல்லியவை, எல்லா லாக்கையும் இழுக்க முடியாது. எந்த ஆடிட்டைத் திறக்க வேண்டும், எதைத் தேட வேண்டும்?

வலைக்காவல் (ஈப்போ)

140 கணினியில் தேடாதீர்கள். உத்தரவு எழுதப்படும் இடம் டொமைன் கன்ட்ரோலர்தான், அங்கே நில்லுங்கள். பாலிசியில் டாஸ்க் சேர்த்தால் இரண்டு இடத்தில் தடம் விழும்.

முதல் இடம் சிஸ்வால், அதாவது பாலிசிக் கோப்புகள் இருக்கும் பொது ஃபோல்டர். பாலிசியின் எண்ணுள்ள ஃபோல்டருக்குள் மெஷின், பிரிஃபரன்ஸஸ், ஷெட்யூல்ட்டாஸ்க்ஸ் என்று போனால் ஷெட்யூல்ட்டாஸ்க்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு இருக்கும். யூசர் பக்கத்திலும் இதே அமைப்பு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் தரவுத்தளம்) உள்ள பாலிசி ஆப்ஜெக்ட். அதில் ஜிபிசி-மெஷின்-எக்ஸ்டென்ஷன்-நேம்ஸ் என்ற அட்ரிபியூட்டில் ஷெட்யூல்ட் டாஸ்க்குக்கான அடையாள எண் சேரும். அது ஏஏடிசிஇடி64 என்று தொடங்கும். இந்த மாற்றம் 5136 நிகழ்வாக வரும், யார் செய்தார் என்பதும் அதில் இருக்கும். "டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ்" ஆடிட்டைத் திறந்தால் மட்டும் 5136 வந்துவிடாது. சிஸ்டம் கன்டெய்னருக்குள் உள்ள பாலிசீஸ் கன்டெய்னரில் எஸ்ஏசிஎல் (யார் எதைச் செய்தால் பதிவாக வேண்டும் என்ற பட்டியல்) இருக்க வேண்டும்: எவ்ரிஒன், சக்சஸ், ரைட் ஆல் பிராப்பர்ட்டீஸ், கீழுள்ள எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆடிட் திறந்திருக்கிறது, லாக் காலியாக இருக்கிறது, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பிவிடுகிறார்கள்.

சிஸ்வால்சாமி (கிள்ளான்)

மேலே அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த அட்ரிபியூட்டை மட்டும் நம்பினால் ஓட்டை விழும். ஏற்கெனவே டாஸ்க் வைத்திருக்கும் பாலிசிக்குள் இன்னொரு டாஸ்க்கைச் செருகினால் அந்த அடையாள எண் முன்பே அங்கே இருக்கும். ஆகவே அந்த அட்ரிபியூட் மாறாது, உங்கள் விதி வாய் திறக்காது. விவரம் தெரிந்த திருடன் பழைய பாலிசியைத்தான் தேடுவான்.

மாறியே தீர வேண்டியது பாலிசி ஆப்ஜெக்ட்டில் உள்ள வெர்ஷன்நம்பர். எண் கூடாவிட்டால், வழக்கமான புதுப்பிப்பில் கணினிகள் அந்தப் பாலிசியைப் புதிதாக எடுத்துச் செய்யாது. கீழ் 16 பிட் கணினிப் பக்கத்துக்கு, மேல் 16 பிட் பயனர் பக்கத்துக்கு. உதாரணமாக 196613 என்று இருந்தால் பயனர் பக்கம் 3, கணினிப் பக்கம் 5. எண் 1 கூடினால் கணினிப் பக்கத்தில் கை வைத்திருக்கிறார்கள், 65536 கூடினால் பயனர் பக்கத்தில். இதே எண் சிஸ்வாலில் ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராமல் நெடுநேரம் நின்றால், ரெப்ளிகேஷன் (சர்வர்களுக்கிடையே நகலெடுப்பு) கெட்டிருக்கிறது, அல்லது யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள்.

கோப்பைக் கவனிக்க 5145 நிகழ்வைப் (ஷேர் வழியாகக் கோப்பைத் தொட்டதன் பதிவு) பலர் சொல்வார்கள். ஷேருக்கு எஸ்ஏசிஎல் கிடையாது, அதனால் எல்லாக் கணினியும் பாலிசியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகி லாக் நிரம்பும். அதை எடுத்தால் சிஸ்வால் ஷேரில் எழுதும் உரிமை கேட்டவற்றை மட்டும் வடிகட்டுங்கள். என் தேர்வு வேறு: பாலிசீஸ் ஃபோல்டரில் எழுதுவதற்கும் அழிப்பதற்கும் மட்டும் எஸ்ஏசிஎல் வைத்து 4663 நிகழ்வை (கோப்பையே தொட்டதன் பதிவு) எடுப்பது. சத்தம் குறைவு. சர்வரிலேயே உட்கார்ந்து சி டிரைவ் வழியாக எழுதினாலும் பிடிபடும், 5145-இல் அது வராது. இரண்டு சர்வரிலும் வையுங்கள். நிகழ்வில் டிஎஃப்எஸ்ஆர்எஸ்.எக்ஸ்இ என்று வந்தால் அது மற்ற சர்வரிலிருந்து வந்த நகல், எழுதியவரை அங்கே தேடுங்கள்.

வலைக்காவல் (ஈப்போ)

வெர்ஷன்நம்பர் விஷயம் முக்கியமானது, கட்டாயம் சேருங்கள்.

கோப்பைத் திறந்தால் பார்க்க வேண்டியவை: இமீடியட்டாஸ்க்வி2 என்ற வகை, ரன்ஆஸ் இடத்தில் சிஸ்டம் கணக்கு, கமாண்ட் இடத்தில் சிஸ்வால், நெட்லோகன், டெம்ப், புரோகிராம்டேட்டா போன்ற பாதை, ஆர்குமென்ட்ஸில் என்கோட் செய்த பவர்ஷெல். இமீடியட் வகை ஓடியதும் தன்னையே அழித்துக்கொள்ளும். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. ஆத்தர் பெயரும் மாற்றிய நேரமும் வெறும் எழுத்து, யாரும் எதையும் போடலாம்.

எக்ஸ்எம்எல்லோடு நிறுத்தாமல் பாலிசி ஃபோல்டர்களில் எக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் ஒரு நிறுவனத்திலாவது ஹெர்மெடிக்வைப்பர் என்ற அழிப்பு நிரல் டிஃபால்ட் டொமைன் பாலிசி வழியாகவே இறக்கப்பட்டது. 31பி2எஃப்340 என்று தொடங்கும் அந்த ஃபோல்டரில் எக்ஸ்இ இருக்க எந்த நியாயமும் இல்லை.

உங்கள் அளவு டொமைனில் டாஸ்க் வைத்த பாலிசி ஒன்றிரண்டுதான் இருக்கும். எல்லா எக்ஸ்எம்எல்லுக்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறி) எடுத்து வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிடும் சிறு பவர்ஷெல் போதும். ஹாஷ் பட்டியல் டொமைனில் சேராத கணினியில் இருக்கட்டும்.

4698-ஐத் தூக்கி எறிய வேண்டாம், விதியை மாற்றுங்கள்: ஒரே பெயருள்ள டாஸ்க் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து கணினிக்கு மேல் தோன்றினால் மட்டும் எச்சரிக்கை. ஈவென்ட் ஃபார்வர்டிங்கில் அந்த ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் டிவிஷன் இணைப்பு தாங்கும். அதில் உருவாக்கியவர் இடத்தில் கணினியின் கணக்கே இருக்கும். ஆளைக் காட்டுவது 5136தான்.

ஆலைக்கிராணி (சுங்கை சிப்புட்)

நன்றி அண்ணே. எச்சரிக்கை மெய்யாகவே அடித்துவிட்டால் முதல் வேலை என்ன? பாலிசியை அழித்துவிடலாமா?

சிஸ்வால்சாமி (கிள்ளான்)

அழிக்காதீர்கள், தடயம் போய்விடும். அந்த ஃபோல்டரை நேரக்குறிப்புகள் மாறாமல் நகலெடுத்து, உடனே பாலிசி நிலையை "ஆல் செட்டிங்ஸ் டிஸேபிள்ட்" ஆக்கி, ரெப்அட்மின் கருவி மூலம் மற்ற சர்வருக்குத் தள்ளுங்கள். கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, பாலிசியைக் கேட்கும். டொமைன் கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். ஆகவே கையில் இருப்பது மிகக் குறைந்த நேரம். டிவிஷன் இணைப்புகளை ரௌட்டரிலேயே துண்டியுங்கள், இன்னும் எடுக்காத கணினிகள் தப்பும்.

கணினியைத் திறக்கும்போதும் பாலிசி இறங்கும். விடியற்காலையில் தெரியவந்தால், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து அலுவலகத்துக்கு வரும் கிராணிகள் எதையும் ஆன் செய்யக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இறங்கிய டாஸ்க், பாலிசியை நிறுத்தியதால் மட்டும் மறையாது. அதைக் கணினிவாரியாகத்தான் அகற்ற வேண்டும்.

பிறகு 5136-இல் உள்ள லோகன் ஐடியை அதே சர்வரின் 4624-உடன் (உள்நுழைவுப் பதிவு) பொருத்துங்கள், எந்த ஐபியிலிருந்து வந்தான் என்பது கிடைக்கும். அந்தக் கணக்கை முடக்காமல் பாலிசியை மட்டும் நிறுத்தினால் அடுத்த பாலிசியை எழுதுவான்.

இன்னொன்று: மலேசியாவின் 2024 சைபர் பாதுகாப்புச் சட்டத்தில் வேளாண்மையும் தோட்டத்துறையும் முக்கியத் துறைகளின் பட்டியலில் உள்ளன. உங்கள் நிறுவனம் அப்படி நியமிக்கப்பட்டதா என்று தலைமை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவையுங்கள். நியமிக்கப்பட்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்களை நாக்சாவுக்குத் (தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனம்) தர வேண்டும், 14 நாளுக்குள் கூடுதல் விவரங்கள். இல்லாவிட்டாலும் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம்.