‘இனங்காணல்’: கணினி கைப்பேசியை அறிந்துகொள்ளும் படிநிலைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசி கணினியுடன் இணையாதபோது பார்க்க வேண்டியவற்றைக் கூறும் உதவிக் குறிப்பின் தமிழாக்கத்தைப் படித்தேன். உழைப்பு நன்கு தெரிகிறது. ஆயினும் அதில் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல், வடத்தைச் செருகுவதற்கும், கணினி கைப்பேசியை அறிந்துகொள்வதற்கும், கோப்புகள் திறப்பதற்கும், கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தருவதற்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. “இணைத்த பின்னும் இணையவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கவும்” என்ற வரியில் எது எதைக் குறிக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல இயலாத உதவிக் குறிப்பால் பயனில்லை; ஆகவே இந்தப் படிகளுக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். யூஎஸ்பி 2.0 வடத்தில் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் வடங்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. அத்தகைய வடத்தைச் செருகினால் கைப்பேசி சார்ஜ் ஆகும், கணினியோ எதையும் அறியாது. தரவுக் கம்பிகள் இருந்தால், கணினி புதிதாக ஒன்று வந்திருப்பதை உணர்ந்து, அதை மீட்டமைத்து, 1 முதல் 127 வரையிலான முகவரிகளுள் ஒன்றை அதற்கு வழங்கி, தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த வகுப்பைச் சேர்ந்த சாதனம் என்ற விவரங்களைக் கேட்டுப் பெற்று, அவற்றுக்குப் பொருந்தும் இயக்கியை, அதாவது அந்தச் சாதனத்தோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளை, தேடுகிறது. ஆங்கிலத்தில் ‘எனுமரேஷன்’ (enumeration) எனப்படும் இந்த முழு நிகழ்வுக்குத்தான் நம்மிடம் நிலையான சொல் இல்லை. விண்டோஸில் 43 என்ற குறியீட்டுடன் வரும் பிழை, பல வேளைகளில் இந்தக் கட்டத்திலேயே விவரங்களைப் பெற முடியாமல் போனதைக் குறிப்பது.

இதுவரை முன்வைக்கப்பட்டவற்றுள் ‘எண்ணிடல்’ மூலச் சொல்லுக்கு மிக நெருக்கமானது. முகவரி எண் வழங்கப்படுவதையும் அது நேராகச் சொல்கிறது. ஆனால் கைப்பேசியைப் பற்றிய குறிப்பில் ‘எண்’ என்று வந்தால் வாசகர் மனத்தில் முதலில் தோன்றுவது அழைப்பு எண்ணே. ‘எண்ணிடல் தோல்வி’ என்று படிப்பவர் சிம் அட்டையைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ‘பட்டியலிடல்’ வேறு வேலைக்கு வேண்டிய சொல். கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கட்டளைகள் அனுப்பும் ஏடிபி (adb) கருவியிடம் சாதனங்களைக் காட்டச் சொல்லும்போது அது பட்டியலிடுகிறது, அங்கே அந்தச் சொல் சரியாக இருக்கிறது. ‘கண்டறிதல்’ எளிமையானது, எனக்கும் பிடித்தமானது. ஆனால் ‘பழுது கண்டறிதல்’ என்பதை இதே குறிப்பு தலைப்பிலேயே கொண்டிருப்பதால், கண்டறிவது பழுதையா சாதனத்தையா என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

‘அடையாளம் காணல்’ என்பதைப் பலரும் ஆதரித்திருக்கிறார்கள். பொதுப் பேச்சில் அதற்கு மறுப்பே இல்லை. இந்தத் துறையில்தான் சிக்கல் எழுகிறது. ஆண்ட்ராய்டு 4.2.2 முதல், அதாவது 2013 முதல், யூஎஸ்பி பிழைத்திருத்தத்தை (ஏடிபி கட்டளைகளைக் கைப்பேசி ஏற்பதற்கான அமைப்பை) இயக்கிவிட்டுக் கைப்பேசியை ஒரு புதிய கணினியில் செருகினால், அந்தக் கணினியின் ஆர்எஸ்ஏ திறவியின் (கணினியை அடையாளப்படுத்தும் மறையாக்கத் திறவியின்) சுருக்கத்தைக் காட்டி, இதை நம்பலாமா என்று கைப்பேசி உரிமையாளரிடம் கேட்கிறது. அங்கே நடப்பதும் ஒருவகை அடையாளச் சரிபார்ப்பே. முதல் படியில் கணினி கைப்பேசியை அறிகிறது. இங்கே கைப்பேசி கணினியை அறிகிறது. இரண்டுக்கும் ‘அடையாளம்’ என்ற சொல்லையே வைத்தால், திரையில் வந்த கேள்வியைக் கவனியாமல் விட்ட ஒருவர் வடத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

எனவே ‘இனங்காணல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இது நான் புதிதாகப் புனைந்ததன்று. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் ‘இனங்காணப்பட்டுள்ளது’ என்ற தொடர் அன்றாட வழக்கு. ‘இனம்’ என்பது மக்கட் பிரிவை நினைவூட்டும் என்ற தயக்கம் சிலருக்கு வரக்கூடும். ‘இனங்காண்’ என்ற கூட்டு வினையாக வரும்போது அந்தப் பொருள் பின்னுக்குப் போய், இன்னது என்று அறிதல் என்ற பொருளே நிற்கிறது. அத்துடன், கணினி உண்மையில் செய்வதும் அதுதான்: வந்திருப்பது விசைப்பலகையா, சேமிப்பகமா, படக்கருவியா என்று அதன் இனத்தைக் கேட்டறிகிறது. சொல்லின் பகுதியும் செயலின் உட்பொருளும் இவ்வளவு பொருந்துவது அரிது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கிளைச் சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரத் தொகுப்பு ‘இனங்காட்டி’. இயக்கி கிடைக்காமல் விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் குறியுடன் நிற்பது ‘இனங்காணாச் சாதனம்’. திரையில் இடம் குறைவான இடத்தில் ‘இனங்காணப்படவில்லை’ என்பதைவிட ‘இனங்காணவில்லை’ என்றே எழுதலாம்.

அடுத்த படிக்கு வருவோம். ஆண்ட்ராய்டு 6.0 (2015) தொடங்கி, கணினியில் செருகியதும் கைப்பேசி தானாகக் கோப்புகளைத் திறந்து தருவதில்லை. சார்ஜ் மட்டும் என்ற நிலையில் நின்று, அறிவிப்புப் பட்டியில் உரிமையாளர் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருக்கிறது. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை; ‘யூஎஸ்பி பயன்முறை’ போதும். ஆனால் இங்கே ‘இணைப்பு முறை’ என்று மட்டும் எழுத வேண்டாம், ஏனெனில் அதை இணையப் பகிர்வு என்று பொருள்கொள்வோர் உண்டு.

பிழைத்திருத்தத்துக்கான மறுப்பு நிலைகளில்தான் இன்னும் கவனம் வேண்டும். கைப்பேசியில் உரிமையாளர் இசைவு தராததால் வரும் மறுப்பு ஒன்று. லினக்ஸில் யூடெவ் விதி (எந்தச் சாதனத்தை யார் திறக்கலாம் என்று கூறும் விதி) அமையாததால் பயனருக்குச் சாதனக் கோப்பைத் திறக்கும் உரிமை இல்லாமல் வரும் மறுப்பு இன்னொன்று. தமிழாக்கத்தில் இரண்டும் ‘அனுமதி இல்லை’ என்று இருக்கின்றன. முதலாவதைத் தீர்க்கக் கைப்பேசித் திரையைத் திறந்து சம்மதிக்க வேண்டும். கேள்வியே வராவிட்டால், டெவலப்பர் விருப்பங்களில் பழைய இசைவுகளை நீக்கிவிட்டு மீண்டும் செருக வேண்டும். இரண்டாவதுக்குக் கைப்பேசியில் செய்ய எதுவுமே இல்லை. முதலாவதை ‘ஒப்புதல்’ என்றும், இரண்டாவதை ‘அணுகுரிமை’ என்றும் பிரிக்கலாம். ‘அனுமதி’ என்பதைச் செயலிகளுக்கு நாம் வழங்கும் படக்கருவி, ஒலிவாங்கி அனுமதிகளுக்கே விட்டுவிடலாம்.

இச்சொற்களைக் கொண்டு அந்தப் பத்தியை எழுதிப் பார்த்தேன்: “கைப்பேசி சார்ஜ் ஆகிறது, ஆனால் கணினி அதை இனங்காணவில்லை என்றால், வேறு வடத்தையும் வேறு செருகுவாயையும் பயன்படுத்திப் பாருங்கள். இனங்கண்டும் கோப்புகள் தெரியவில்லை என்றால், திரைப் பூட்டைத் திறந்து, பயன்முறையைக் கோப்புப் பரிமாற்றம் என மாற்றுங்கள். கோப்புகள் தெரிந்தும் ஏடிபி பட்டியலில் ஒப்புதல் பெறாச் சாதனம் என்று வந்தால், கைப்பேசித் திரையில் தோன்றும் கேள்விக்கு இசைவு தாருங்கள்.” ‘இணைப்பு’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை, வாசகர் தாம் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை உடனே அறிவார்.

கோப்புப் பரிமாற்றத்துக்குக் கைப்பேசி இப்போது பயன்படுத்தும் நெறிமுறையான எம்டிபி (MTP) பற்றியும் ஒன்று. ஆண்ட்ராய்டு 3.0 (2011) வருவதற்கு முன் கைப்பேசியின் நினைவட்டை, கணினிக்கு ஒரு வட்டாகவே கையளிக்கப்பட்டது. அவ்வேளையில் கைப்பேசியால் அதைப் பயன்படுத்த முடியாது. அங்கே ‘ஏற்றுதல்’ (mount) என்பது பொருந்தும். எம்டிபியில் கோப்பு முறைமை கைப்பேசியின் பொறுப்பிலேயே இருக்க, கணினி ஒவ்வொரு கோப்பையும் கேட்டுப் பெறுகிறது. இதற்கும் ‘ஏற்றுதல்’ என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். ‘திறத்தல்’ என்பதற்கு மேல் எனக்கு இப்போது நல்ல சொல் அகப்படவில்லை. கோப்பைத் திறப்பதோடு அது மோதுகிறது. இந்த ஓரிடத்துக்கு உங்கள் முன்மொழிவுகளை எதிர்பார்க்கிறேன். ‘இனங்காணல்’, ‘ஒப்புதல்’, ‘அணுகுரிமை’ மூன்றுக்கும் மறுப்பு இருப்பின் அதையும் இதே இழையில் எழுதுங்கள். பிழைக் குறியீட்டு எண்களை மட்டும் உள்ளபடியே விட்டுவிடுவோம்; தேடுபவர்கள் அவற்றைக் கொண்டுதான் தேடுகிறார்கள்.