நாயின் பாதத்தில் பாட்டில் கண்ணாடி கிழித்து ரத்தம் நிற்கவில்லை, உடனே உதவுங்கள்

கண்மாய்க்கரை (இரவு 7:40)
சாயங்காலம் கண்மாய்ப் பக்கம் ஓடியபோது எங்கள் செவலையின் முன்னங்காலை உடைந்த பாட்டில் கிழித்துவிட்டது. பாதத்தின் நடுவில் இருக்கும் பெரிய மெத்தையில் குறுக்கே ஆழமான வெட்டு. சிப்பிப்பாறை, மூன்று வயது, 20 கிலோ இருப்பான். திண்ணை முழுக்க ரத்தக் கால்தடம். துண்டை வைத்து அழுத்தினால் நின்ற மாதிரி இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் மறுபடியும் ஒழுகுகிறது. அம்மா காப்பித்தூள் வைக்கச் சொல்கிறார். பக்கத்து ஊர் கால்நடை மருந்தகம் காலையில்தான் திறக்கும். கை நடுங்குகிறது.

வேப்பமரத்து வீடு (7:46)
தம்பி, முதலில் துணியை எடுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உறைந்த ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். சுத்தமான துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அடித்துணியைத் தொடவே கூடாது.

அவனைப் படுக்க வையுங்கள். கால் ஊன்றினால் மெத்தை விரிந்து வெட்டு வாய் பிளக்கும். வலியில் வளர்த்தவரையே கடிக்கலாம், அதனால் அவன் வாயைத் துப்பட்டாவால் கட்டிவிடுங்கள். மூச்சு இரைத்தாலோ வாந்தி எடுத்தாலோ கட்ட வேண்டாம்.

காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். நகம் நுனியில் உடைந்தால் சோளமாவு வைப்போம், அது வேறு. ஆழமான வெட்டில் தூள் போட்டால் டாக்டர் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் தையலே போட முடியும்.

கால்நடை உதவியாளர் (7:52)
அக்கா சொன்னது சரி. ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சுகிறதா? அப்படியானால் அழுத்தியபடியே வண்டியில் ஏற்றுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 எண்ணில் அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலோ அவன் சோர்ந்து விழுந்தாலோ அவசரம். 20 கிலோ நாயின் உடலில் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் உண்டு. அரை டம்ளர் தரையில் பரவினாலே வீடே சிவந்த மாதிரி தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ரப்பர் பேண்ட், கயிறு எதையும் காலில் இறுக்கிக் கட்டாதீர்கள். வலிக்கு நம் மாத்திரையும் கூடாது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.

கண்மாய்க்கரை (8:10)
பீய்ச்சவில்லை. ஈறு ரோஸ்தான். மேல்துணி காய்ந்தே இருக்கிறது! இப்போது கழுவட்டுமா?

வேப்பமரத்து வீடு (8:13)
நல்லது தம்பி. கழுவினால் ரத்தம் திரும்பக் கிளம்பும், டாக்டர் பார்த்துக்கொள்வார். விரல் இடுக்குகளில் பஞ்சு வைத்து, துணிக்கு மேலேயே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைப் பாதத்திலிருந்து மணிக்கட்டுக்கு மேல் வரை சுற்றுங்கள். நடு நகங்கள் இரண்டும் வெளியே தெரியட்டும். அவை விலகி நின்றாலோ விரல் சில்லிட்டாலோ கட்டு இறுக்கம், மேல்சுற்றைத் தளர்த்துங்கள். இரவில் மாடிப்படி ஏற விடாதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள், தள்ளிப்போட்டால் தையல் சரியாகப் பிடிக்காது.

கண்மாய்க்கரை (மறுநாள் 11:25)
உள்ளே அரிசி அளவு கண்ணாடிச் சில்லு இருந்ததாம். எடுத்துவிட்டு நான்கு தையல் போட்டார்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருக்கிறது. வெளியே போகும்போது மட்டும் கட்டின் மேல் பிளாஸ்டிக் பை, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டுமாம். உள்ளே ஈரம் நின்றால் புண் சீழ் பிடிக்குமாம். அக்கா, அண்ணா, நேற்று நீங்கள் இல்லாவிட்டால் காப்பித்தூளைக் கொட்டியிருப்பேன். இப்போது திண்ணையில் காலை நீட்டித் தூங்குகிறான். வரும் வழியில் கண்மாய்க்கரையில் கிடந்த கண்ணாடியை நானும் தங்கையும் சாக்கில் பொறுக்கினோம், அரைச் சாக்கு சேர்ந்தது.