அந்தப் பெயருக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: ஜப்பானில் உங்களுக்கு நடந்தது என்ன?

நிஷிகசாய் வாசி

நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிவப்புப் பென்சில் வட்டம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படி நடந்ததா என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

பொருள்களுக்குக் கையேடு எழுதித் தரும் அலுவலகத்தில் வேலை. பள்ளிப் பிள்ளைகளின் பை ஒன்றுக்கான குறிப்பில், "மூடியை மாஜிக்கு தேப்பால் ஒட்டவும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தேன். நம் வெல்க்ரோதான். தெருவில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். தாள் திரும்பி வந்தபோது சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் நான்கே எழுத்து: தோரோகு ஷோஹ்யோ. பதிவு பெற்ற வணிகக்குறி.

பிழை திருத்தும் அம்மையாரின் மேசைக்குப் போய் நின்றேன். அவர் பேசவில்லை. தன் கைப்பையின் மூடியைப் பிடித்து "பர்ர்ர்" என்று பிரித்தார்.

"இது என்ன?"

"மாஜிக்கு தேப்பு."

மறுபடி ஒட்டினார், மறுபடி பிரித்தார். "இது மென் ஃபாசுனா. மாஜிக்கு தேப்பு என்பது குராரே நிறுவனத்தின் பெயர்." மூன்றாவது முறை பிரித்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள்.

அதோடு விட்டாரா? ஒட்டும் தாளை எடுத்துக் காட்டினார். செரோதேப்பு என்றேன். அது நிச்சிபானுடையதாம், செரோஹான் தேப்பு என்று எழுத வேண்டுமாம். கழிவறையில் தண்ணீர் பீய்ச்சும் இருக்கைக்குப் பெயர் கேட்டார். வாஷ்லெட் என்றேன். அது தோதோ நிறுவனத்துடையது. "ஓன்சுய் செஞ்ஜோ பென்சா" என்பதுதான் பொதுப்பெயர் என்றார். அதை நான் பிழையில்லாமல் சொல்ல மூன்று முயற்சிகள் ஆயின. அன்று மாலை வரை மேசை மேல் இருந்த எதையும் பெயர் சொல்லிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குமாமோட்டோ மழை

என் கதை குதிகாலில் தொடங்குகிறது. சப்போரோவில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டுக் குமாமோட்டோவுக்கு மாறிய புதிது. அசோ மலைப்பக்கம் நடக்கப் போய், புதுச் செருப்பு கடித்துத் தோல் உரிந்துவிட்டது. அடிவாரத்தில் ஒரு சின்னக் கடை. "சாபியோ இருக்கிறதா?" என்று கேட்டேன். ஹொக்கைடோவில் நான் பழகிய வீடுகளில் எல்லாம் காயத்துக்கு ஒட்டும் துண்டுக்கு அதுதான் பெயர். கடைக்காரப் பாட்டி உள்ளே திரும்பி, தன் கணவரிடம் ஏதோ கேட்டார். அவரும் தெரியாது என்று தலையசைத்தார். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆ! ரிபாதேப்பு!"

இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது குமாமோட்டோ நிறுவனம் ஒன்றின் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அலுவலகத் தோழி தொயாமாக்காரர். அவர் ஊரில் "கிசுபான்" என்பார்களாம். பான்சோகோ என்ற பொதுப்பெயரைச் சொல்லியிருந்தால் எல்லா ஊரிலும் கிடைத்திருக்கும். ஆனால் ரத்தம் கசியும்போது யாருக்குப் பொதுப்பெயர் ஞாபகம் வருகிறது?

பதினொரு பார்சல்

முதல் பதிவு போட்ட நண்பருக்கு ஒரு செய்தி. "நம் வெல்க்ரோதான்" என்று எழுதினீர்களே, அதுவும் ஒரு நிறுவனத்தின் பதிவுப் பெயர்தான். அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தப் பதிவிலும் வட்டம் போட்டிருப்பார். ஊரில் ஜெராக்ஸ் கடை என்று பலகை வைத்து அதில் வேறு நிறுவனத்தின் இயந்திரத்தை ஓட்டும் கூட்டம் நாம். சொல் பேசுகிறவர்களுக்குச் சொந்தம். நிறுவனம் பெயரைப் பதிவு செய்யலாம், என் வாயைப் பதிவு செய்ய முடியாது.

இவ்வளவு பேசுகிற நானும் ஒருமுறை மாட்டினேன். பெட்டி அனுப்ப ஒரு கவுன்டருக்குப் போய், "தக்யூபின் அனுப்ப வேண்டும்" என்றேன். எதிரில் நின்ற இளைஞர் அரை நொடி என்னைப் பார்த்தார். புன்னகை மாறவில்லை. "தகுஹாய்பின் தானே? சரி" என்று படிவத்தை நீட்டினார். தலைக்கு மேல் இருந்த பலகையை அப்போதுதான் பார்த்தேன். தகுஹாய்பின் என்பதுதான் வீட்டுக்குப் பார்சல் கொண்டுசேர்க்கும் சேவைக்குப் பொதுப்பெயர்; தக்யூபின் யமாதோ என்ற பார்சல் நிறுவனத்தின் பெயர். நான் நின்றதோ அதன் போட்டி நிறுவனத்தின் வாசலில். 1976 ஜனவரியில் அந்தச் சேவை தொடங்கிய முதல் நாளில் வந்தவை மொத்தமே 11 பார்சல்கள் என்று பின்னர் படித்தேன். பதினொன்றில் தொடங்கிய பெயர் போட்டிக்காரரின் கவுன்டரிலும் வாய்தவறி வருகிறது என்றால், அந்த இளைஞர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதே புன்னகையைச் செய்திருப்பார்! கடிந்துகொண்டிருந்தால் மறந்திருப்பேன். அந்த அரை நொடிதான் உறுத்துகிறது.

சட்டம் கொஞ்சம் தெரியும்

என் அனுபவம் சிறியது. வீடு மாறும்போது கடையில் "புச்சிபுச்சி" கேட்டேன், குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள். கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுருளைப் பார்த்தால் எங்கும் அந்தப் பெயர் இல்லை, "கிஹோ கன்ஷோசாய்" என்று இருந்தது. புச்சிபுச்சி என்பது நாகோயாவைச் சேர்ந்த கவாகாமி சாங்யோவின் பதிவுப் பெயர். அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர் "சொல் பேசுகிறவர்களுக்குச் சொந்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பாதி உண்மைதான். நீங்கள் வாயால் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்தப் பெயரை இன்னொருவர் தன் சரக்கின் மேல் அச்சடித்து விற்றால்தான் வழக்கு. நிறுவனங்களின் பயம் வேறு: எல்லோரும் பொதுப்பெயராகவே பயன்படுத்தத் தொடங்கினால் உரிமை கரைந்துவிடும். எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் பெயர். அமெரிக்காவில் 1950இல் அந்த உரிமை போயிற்று. ஜப்பானில் ஸ்டேப்ளரை ஹொச்சிகிசு என்கிறார்களே, அதுவும் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பெயராக இருந்து பொதுச்சொல்லாகக் கரைந்ததுதான். ஜப்பானிய வணிகக்குறிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொதுப்பெயரைச் சாதாரணமாகக் குறிப்பதற்கு உரிமை நீளாது என்கிறது. அதனால்தான் கையேடு எழுதும் இடங்களில் அந்த அம்மையாரைப் போன்றவர்கள் வட்டம் போடுகிறார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே சமையல் நிகழ்ச்சியில் அஜினோமோட்டோ என்று சொல்லாது. "உமாமி சோமிர்யோ" என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. பழக்கடையில் அமாஓ ஸ்ட்ராபெர்ரி வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அந்தச் செடியின் பெயர் அமாஓ அன்று, "ஃபுகுவோகா எஸ்6". அமாஓ என்பது சிவப்பு, உருண்டை, பெரிது, சுவை என்ற நான்கு ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த வணிகக்குறி. செடியின் மீதான உரிமை 2025 ஜனவரியில் முடிந்தது. பெயரின் மீதான உரிமை முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டினால் பேரப்பிள்ளை காலம் வரை ஓடும். ஆகவே, ஃபுகுவோகாவுக்கு வெளியே யாரேனும் அதே செடியை வளர்த்தாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஜே-பிளாட்பாட் என்ற அரசுத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். யாராவது ஊர்ப் பலகாரத்தை இறக்குமதி செய்து ஜப்பானில் விற்க நினைத்தால் முதலில் அங்கே பெயரைத் தேடிவிட்டு, பிறகு...

(மீதியை யாரும் கேட்டால் எழுதுகிறேன்.)

குமாமோட்டோ மழை

யாரும் கேட்கவில்லை ஐயா. ஆனால் அமாஓ விவரம் நன்றாக இருந்தது.

கல் குவியல்

நாகோயாவில் இருப்பதால் ஓகசாகியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். ஹச்சோ மிசோ. மிசோ என்பது சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் சமையல் விழுது. இது கறுப்புச் சாந்து மாதிரி இருக்கும், ஒரு கரண்டி குழம்பில் விழுந்தால் நிறமே மாறிவிடும்.

ஹச்சோ என்றால் எட்டு சோ. ஜப்பானை ஆண்ட டொகுகவா இயேயாசு பிறந்த ஓகசாகிக் கோட்டையிலிருந்து எட்டு சோ மேற்கே இருக்கும் தெரு, அதாவது ஏறக்குறைய 870 மீட்டர். அதை நடந்தே பார்க்க வேண்டும் என்று எனக்குக் கிறுக்கு. இடுப்பில் மன்போகெய், அதாவது காலடி எண்ணும் கருவி, கட்டிக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து கிளம்பினேன். (ஆமாம், அதுவும் யமசா நிறுவனத்தின் பெயர்தான், பொதுப்பெயர் ஹோசுகெய். வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.) சந்துகளில் வளைந்து, ஒரு சிக்னலில் நின்று, மிசோக் கூடத்தின் கறுத்த மரச்சுவர் முன்னால் நின்றபோது 1,304 காட்டியது. என் காலடி சின்னது.

உள்ளே ஆள் உயரத்தைத் தாண்டிய மரத்தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆறு டன் அளவுக்கு மிசோ, அதன் மேல் மூன்று டன் ஆற்றுக்கற்கள். சிமென்டு இல்லை, கயிறு இல்லை. கோபுரம் மாதிரி கையாலேயே அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு கோடை, இரண்டு குளிர் அப்படியே இருக்க வேண்டும். கீழே பெரிய கல், மேலே போகப் போகச் சின்னது. உச்சியில் இருந்த கல் என் உள்ளங்கை அளவுதான். காற்றில் ஒரு புளித்த இனிப்பு.

சுற்றிக் காட்டியவரிடம் நான் கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். "கடையில் இதைவிட மலிவாக ஒரு ஹச்சோ மிசோ பார்த்தேனே, அதுவும் உங்களுடையதா?" அவர் பதில் சொல்லவில்லை. கல் குவியலை ஒருமுறை பார்த்தார், பிறகு "அடுத்த அறைக்குப் போகலாம்" என்றார்.

விஷயம் பிறகு புரிந்தது. 2017 டிசம்பரில் அரசு அந்தப் பெயரைப் பதிவு செய்தபோது, உரிமை போனது ஐச்சி மாகாண உற்பத்தியாளர் சங்கத்துக்கு. மூன்று மாதம் ஊறினாலே போதும் என்பது அவர்கள் விதி. அந்தத் தெருவிலேயே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இரண்டு பழைய கூடங்களும் அதில் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 மார்ச்சில் தோற்றது. தெருவின் பெயரே அதுதான், தெருக்காரனுக்குப் பெயர் இல்லை! எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் அந்த மனிதரிடம் விலையைப் பற்றிப் பேசிவிட்டேன்.

சட்டம் கொஞ்சம் தெரியும்

சிறு திருத்தம். அது வணிகக்குறி அன்று, புவிசார் குறியீடு. ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்துச் சங்கங்கள் பதிவு செய்யும் வட்டாரக் கூட்டு வணிகக்குறி 2006 ஏப்ரலில் வந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2015இல்; கோபே மாட்டிறைச்சி, யூபாரி முலாம்பழம் எல்லாம் அந்த ஆண்டு டிசம்பரில் பதிவான முதல் வரிசை. இரண்டையும் குழப்பினால்...

கல் குவியல்

ஐயா, அந்தக் கல்லை அடுக்கியவருக்கு எந்தச் சட்டத்தில் தோற்றோம் என்பதா கவலை?

துண்டு வெட்டியவன்

சண்டைக்கு நடுவில் என் வீட்டுச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். இமாபாரி துண்டு என்று இணையத்தில் ஒரு கடையில் நான்கு வாங்கினேன். எஹிமே மாகாணத்து ஊர். சிவப்பு, வெள்ளை, நீலச் சின்னமும் அதன் கீழே தயாரித்தவரின் எண்ணும் அடையாளச் சீட்டில் இருக்கும். என்னுடையதில் "இமாபாரி" என்ற எழுத்து மட்டும் இருந்தது, சின்னமும் இல்லை, எண்ணும் இல்லை.

அந்தச் சங்கத்தின் தரச் சோதனை எனக்குத் தெரியும்: துண்டிலிருந்து ஒரு சின்னத் துணியை வெட்டித் தண்ணீரில் போட்டால் ஐந்து நொடிக்குள் மூழ்க வேண்டும். ஐந்து நொடி விதி என்றே அதற்குப் பெயர். கத்தரியை எடுத்தேன். ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம். டம்ளரில் மெதுவாக விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. மிதக்கிறது. டீ போட்டுக் குடித்தேன். அப்போதும் படகு மாதிரி ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு மிதந்தது.

மனைவி வந்து டம்ளரைப் பார்த்தார், பிறகு ஓட்டையான துண்டைப் பார்த்தார். "மூழ்கியிருந்தால் நல்ல துண்டை வெட்டியிருப்பீர்கள். மூழ்கவில்லை, அதனால் வெட்டிய துண்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எப்படி இருந்தாலும் நமக்கு நஷ்டம்தானே?" பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துண்டு இப்போது சைக்கிள் துடைக்கிறது, அதையும் சரியாகத் துடைப்பதில்லை.

தலையா வாலா

ஹியோகோ தெரியும்தானே, கோழிக்குஞ்சு வடிவத்தில் உள்ளே பூரணம் வைத்த பலகாரம். டோக்கியோ நிலையத்தில் வாங்கி, "டோக்கியோ சிறப்பு" என்று அலுவலகத்தில் கொடுத்தேன். ஃபுகுவோகாக்காரர் ஒருவர் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தார். "இது எங்கள் ஈசுகாவில் 1912இல் பிறந்தது" என்றார் கடைசியில். டோக்கியோவுக்கு 1960களில்தான் வந்ததாம். அந்தக் குஞ்சின் உருவத்தையே வணிகக்குறியாகப் பதிவு செய்திருந்தார்கள். நாடு முழுவதும் பறவை வடிவப் பலகாரங்கள் இருக்கின்றன என்று 2006இல் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் அந்தப் பதிவு செல்லாது என்றது. அதை இங்கே படித்தபின் அவரிடம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். நான் சொன்னேன். குஞ்சை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நிஷிகசாய் வாசி

வெல்க்ரோவுக்கு வட்டம் போட்டவருக்கு வணக்கம், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மகளின் காலணிக்குத் தைக்க அந்தப் பட்டை வேண்டியிருந்தது. தையல் பொருள் கடைக்குப் போய், நான்கு ஆண்டுப் பயிற்சி வீண் போகக் கூடாது என்று, "மென் ஃபாசுனா எங்கே இருக்கிறது?" என்று தெளிவாகக் கேட்டேன். விற்பனைப் பெண் ஜிப் இருக்கும் வரிசைக்கு அழைத்துப் போனார். இது இல்லை என்றேன். பொத்தான் வரிசைக்குப் போனோம். கடைசியில் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, "பர்ர்ர்" என்று பிரித்துக் காட்டினேன்.

"ஆ, மாஜிக்கு தேப்பா! அப்படியே சொல்லியிருக்கலாமே."