கொள்ளுத் தாத்தாவின் சிறைச் சீட்டு: விவரம் தேட வழி சொல்லுங்கள்

வணக்கம். போன மாதம் ஊரில் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, என் கொள்ளுத் தாத்தாவின் சிறை விடுதலைச் சீட்டு கிடைத்தது. 1930, திருச்சி சிறை. மற்றதெல்லாம் கரையான் தின்ற மிச்சம்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். அந்த வருடம் ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போனவர்கள் அந்த வழியாகத்தான் நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல இருந்தார்களாம். கொள்ளுத் தாத்தாவும் அப்படித்தான் மாட்டினார் என்று பெரியப்பா சொல்கிறார். ஆனால் பெரியப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது நான் வேன் பிடித்து எலுமிச்சை சாதப் பொட்டலம் கொண்டு போனேன். "நம்ம வீட்டில் யாருக்கும் இல்லாத புத்தி" என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லை. இப்போது அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். 1930-ம் வருடத்துச் சிறைப் பதிவேடுகளோ வழக்குத் தீர்ப்புகளோ எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்குமா? தனி ஆள் போய்க் கேட்டால் காட்டுவார்களா, கடிதம் ஏதாவது வேண்டுமா? தேடிப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சீட்டில் சட்டப்பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டெழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் படம் அனுப்புகிறேன்.